பி.டி. பீரியடைக் கடன் வாங்கலாமா?



உங்கள் வகுப்பின் கால அட்டவணையைக் கொஞ்சம் பாருங்கள். எங்காவது ஒரு கட்டத்தில், 'உடற்கல்வி' என்று எழுதியிருக்கும். நாம் 'பி.டி. பீரியட்' என்போமே, அதுதான்! சரி... போன வாரம் அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? மைதானத்திலா, வகுப்பறையிலா?

'கணக்கு டீச்சர் கடன் வாங்கிட்டாங்க...' என்று நீங்கள் முணுமுணுப்பது, என் காதில் விழுகிறது. அப்படிக் கடன் வாங்கியவர்களில் நானும் ஒருத்தி!

திருவண்ணாமலைப் பக்கம் தொடக்கப் பள்ளிகளில், முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவள் நான். ஆசிரியர் பயிற்சியின்போது, பாடம் நடத்த மட்டுமல்ல, விசில் ஊதி விளையாட்டு நடத்தவும் கற்றுக் கொண்டேன். தொடக்கப் பள்ளியில் தமிழ், கணக்கு, விளையாட்டு எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே டீச்சர்தானே! ஆனால், அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் போதும். விசிலை மேஜைக்குள் போட்டுவிட்டு, வகுத்தல் கணக்கை எழுத ஆரம்பித்து விடுவேன்.

ஒரு கார்த்திகை மாதம்... நல்ல மழை. ஞாயிற்றுக்கிழமை, என் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் நாலு பேர் ஏரிக்குப் போயிருக்கிறார்கள். அதில் ஒருவன், வகுப்பிலேயே கணக்கில் முதல் ஆள். கணுக்கால் அளவு தண்ணீரில் நடந்து போனவன், மண் எடுத்த பள்ளத்தில் சறுக்கி விட்டான். நல்லவேளையாக, கரையில் ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர், தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து வீசினார். பையன் அதைப் பிடித்துக் கொள்ள, இழுத்துக் கரை சேர்த்து விட்டார்.

மறுநாள், 'ஏன்டா அங்கே போனே?' என்று அதட்டினேன்.

'விளையாடத்தான் டீச்சர்... இங்கேதான் பி.டி. பீரியட்லயும் கணக்கா இருக்கே' என்றான்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் சொல்லிக் கொடுத்த வகுத்தல் அவனுக்கு நன்றாகத் தெரியும். தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது என்று மட்டும் தெரியாது. அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே!

நம் ஊர் ஏரிகளைப் பற்றி ஒன்று சொல்கிறேன். கோடையில் பல ஏரிகளில் புழுதி பறக்கும். நீங்கள் அங்கே கிரிக்கெட் ஆடுவீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் அதே இடத்தில் ஆளை மூழ்கடிக்கும் தண்ணீர் நிற்கும். தெரிந்த இடம்தானே என்று இறங்குவதுதான் ஆபத்து. எங்கே பள்ளம், எங்கே சேறு என்று மேலே இருந்து பார்த்தால் தெரியாது.

உலக சுகாதார நிறுவனம், 2024-ல் நீரில் மூழ்குதல் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 5 முதல் 14 வயது வரை உள்ள குழந்தைகளின் இறப்புக்கான காரணங்களில், இதற்கு மூன்றாவது இடமாம். அதாவது, உங்கள் வயதுதான்! பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு நீச்சலும், நீர்ப் பாதுகாப்பும் கற்றுத்தர வேண்டும் என்று அந்த நிறுவனம் சொல்கிறது.

'அதெல்லாம் வீட்டில் கற்றுக் கொள்ள வேண்டியது' என்பார்கள். உண்மைதான். என் அண்ணன்களின் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, கிணற்றில் இறக்கிப் பழக்கினார் அப்பா. நானும் கேட்டேன். 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?' என்று விட்டார் பாட்டி. மேட்டில் அண்ணன்களின் சட்டைக்குக் காவல் உட்கார்ந்திருந்தேன். இன்று வரை எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீருக்கு ஆண், பெண் வித்தியாசம் தெரியுமா என்ன?

இப்போது ஆழ்துளைக் கிணறுகள் வந்து, திறந்த கிணறுகள் பல வற்றி விட்டன. கற்றுத்தர அப்பாக்களுக்கும் நேரமில்லை. அப்படியானால், பள்ளிதானே கற்றுத்தர வேண்டும்?

இங்கிலாந்தில், தொடக்கப் பள்ளி முடிப்பதற்குள் ஒவ்வொரு குழந்தையும் குறைந்தது 25 மீட்டர் நீந்த வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. 'அது பணக்கார நாடு' என்கிறீர்களா? வங்கதேசத்தைப் பாருங்கள். அங்கே கிராமத்துக் குளத்திலேயே மூங்கில் தட்டி கட்டி, அதற்குள் பிள்ளைகளை இறக்கி, பயிற்சி பெற்ற பெரியவர்கள் நீச்சல் கற்றுத் தருகிறார்கள். மூங்கில் நம் ஊரில் கிடைக்காதா?

நம் பிள்ளைகளாலும் முடியும். தமிழ்நாட்டுச் சிறுவன் குற்றாலீஸ்வரன், 1994-ல், 12 வயதில் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தான். அந்த ஒரே ஆண்டில், அவன் கடந்த கடல் வழிகள் ஆறு!

எல்லாரும் சாதனை செய்ய வேண்டாம். விழுந்தால் மிதந்து, கரை சேரத் தெரிந்தால் போதும். பௌர்ணமிக்கு 14 கி.மீ., கிரிவலப் பாதையைப் பாட்டிகள் செருப்பில்லாமல் சுற்றி வருகிறார்கள். நம் பிள்ளைகளுக்கோ மைதானத்தை இரண்டு சுற்று ஓடினாலே மூச்சு வாங்குகிறது. ஓடாத கால் எப்படி வலுப்படும்?

இதைச் சட்டமும் சொல்கிறது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுப் பொருட்கள் தர வேண்டும். ஆனால், உடற்கல்விக்குத் தனியாகப் பகுதி நேரப் பயிற்றுநர் வேண்டும் என்பதை, 6 முதல் 8-ஆம் வகுப்பு வரைதான், அதுவும் 100 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிக்குத்தான் அது சொல்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு இல்லை! இது குறை என்பது என் கருத்து. ஐந்து வயதில் பழக வேண்டியதை, பதினொரு வயதில் ஆரம்பித்தால் எப்படி?

நீங்கள் என்ன செய்யலாம்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அதில் பாதிப் பேர் பெண்கள். 'எங்க பி.டி. பீரியடை எங்களுக்கே தரச் சொல்லும்மா. நீச்சல் பழக ஏற்பாடு செய்யச் சொல்லும்மா' என்று அம்மாவிடம் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் தப்பே இல்லை.

அதுவரை, மூன்றை மறக்காதீர்கள். பெரியவர் துணை இல்லாமல் ஏரி, குளம், கிணறு எதிலும் இறங்கக் கூடாது. யாராவது தத்தளித்தால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. கத்தி ஆளைக் கூப்பிட்டு, கரையில் நின்றபடி துண்டு, கயிறு, நீளமான கம்பு எதையாவது நீட்டுங்கள். மூழ்குகிறவரால் பெரும்பாலும் கத்த முடியாது. ஆகவே, கூட இருப்பவர்கள் மேல் எப்போதும் ஒரு கண் இருக்கட்டும்.

இதைப் படிக்கும் டீச்சர்களுக்கும், சார்களுக்கும் ஒரு வார்த்தை... அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, ஓய்வு பெறும் வரை, பி.டி. பீரியடை நான் கடன் வாங்கவில்லை. என் பிள்ளைகள் கணக்கில் தோற்றுப் போகவும் இல்லை!

என்ன செல்லங்களே, இந்த வாரம் மணி அடித்ததும் மைதானத்துக்குத்தானே?

- ஓய்வு பெற்ற ஆசிரியை, திருவண்ணாமலை.