போர் தானாக மூள்வதில்லை

1939-ஆம் ஆண்டு இரண்டாம் உலகப் போர் மூண்டது என்று வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். தன்வினை, பிறவினை படித்த மாணவர்கள் இந்த வினைச்சொல்லைச் சற்றுக் கவனிக்க வேண்டும். புயல் வீசியது, நிலம் நடுங்கியது, போர் மூண்டது! மூன்றும் தன்வினை. ஆனால் புயலுக்கும் நிலநடுக்கத்துக்கும் ஆணையிட்டுக் கையொப்பமிடுபவர் யாருமில்லை, போருக்கு உண்டு. எனவே, போரை மூட்டினார்கள், நடத்தினார்கள் என்று எழுதுவதே சரி என்பது என் கருத்து. அணுகுண்டு விழுந்த நாட்களை எடுத்துக்கொண்டு இதை ஆராய்ந்து பார்ப்போம்.

1945 ஆகஸ்டு 6, காலை 8.15 மணி. ஜப்பானின் ஹிரோஷிமா நகருக்கு மேலே, சுமார் 600 மீட்டர் உயரத்தில் குண்டு வெடித்தது. அதில் இருந்த யுரேனியம் சுமார் 64 கிலோகிராம். அணுப்பிளவுக்கு உள்ளானது ஒரு கிலோகிராமுக்கும் குறைவு. ஆற்றலாக மாறிய நிறையோ சுமார் 0.7 கிராம்தான்! இந்த நிறையை ஒளியின் வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். ஏறத்தாழ 15,000 டன் டி.என்.டி. வெடிமருந்தின் ஆற்றல் விடையாகக் கிடைக்கும். இயற்பியல் இதுவரை சொல்லும். குண்டின் கீழே யார் நின்றிருந்தார்கள் என்பது அந்தச் சமன்பாட்டில் இல்லை.

நின்றிருந்தவர்களில் உங்களைப் போன்ற பள்ளிப் பிள்ளைகள் பல ஆயிரம் பேர். விமானத் தாக்குதலின்போது தீ பரவாதிருக்க, வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கும் வேலைக்கு 12, 13 வயதுச் சிறுவர் சிறுமியரை அரசு அனுப்பியிருந்தது. அவர்களுள் சுமார் 6,000 பேர் மாண்டனர். அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் இறந்தோர் சுமார் 1,40,000 பேர். நாகசாகியில் சுமார் 70,000 பேர். உயிர் பிழைத்தவர்களிடையே இரத்தப் புற்றுநோய் பல ஆண்டுகள் கழித்தும் தோன்றியது.

இதைத் தவிர்க்க வழி இருந்ததா? அணுக்கருத் தொடர்வினையை 1933-லேயே முதன்முதலாகச் சிந்தித்தவர் லியோ சிலார்டு என்ற விஞ்ஞானி. 1945 ஜூலை 17 அன்று அவரும் சக விஞ்ஞானிகளுமாக 70 பேர் ஒரு விண்ணப்பத்தில் கையொப்பமிட்டனர். சரணடைவதற்கான நிபந்தனைகளை ஜப்பானுக்கு விவரமாக அறிவியுங்கள். அதன் பிறகும் மறுத்தால் மட்டுமே, அதுவும் அறப்பொறுப்பை எண்ணிப் பார்த்து, முடிவு செய்யுங்கள் என்று கேட்டனர். விஞ்ஞானிகள் எல்லோரும் இக்கருத்தினர் அல்லர் என்பதும் உண்மை. ஆனால் அந்த விண்ணப்பம் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமனிடம் போய்ச் சேரவே இல்லை.

குண்டு வீசும் ஆணை ஜூலை 25 அன்று பிறந்தது. சரணடையும்படி ஜப்பானை எச்சரித்த போட்ஸ்டாம் அறிக்கை வெளியானதோ மறுநாள்! அதிலும் புதிய குண்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மேலும், முதல் குண்டுக்குப் பின் அடுத்தடுத்த குண்டுகளையும் தயாரானவுடன் வீசலாம் என்று அந்த ஆணையே கூறிவிட்டது. ஆகவே, இரண்டாவது நகரை அழிக்கத் தனி முடிவு தேவைப்படவில்லை. ஆகஸ்டு 9 அன்று விமானம் புறப்பட்டது கோகுரா என்ற நகரை நோக்கி. அங்கே மேகமும் புகையும் மறைத்ததால் நாகசாகிக்குத் திரும்பியது. வானம் தெளிவாக இருந்திருந்தால் வேறு ஊர் எரிந்திருக்கும்.

ஜப்பானியத் தலைவர்கள் மட்டும் குற்றமற்றவர்களா? 1937-இல் சீனாவின் மீது முழுப் போரைத் தொடுத்தவர்கள் அவர்களே. 1945 மார்ச்சில் டோக்கியோவில் ஒரே இரவில் சுமார் 1,00,000 பேர் தீயில் மடிந்த பிறகும் போரை நிறுத்தவில்லை. ஆகஸ்டு 9 அன்று ஆறு பேர் கொண்ட உயர் போர்க்குழு கூடியது. நாகசாகியின் அழிவுச் செய்தி கூட்டத்தின் நடுவே வந்தது. அதன் பிறகும் சரணடையும் நிபந்தனைகளைப் பற்றி மூவர் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம்! பேரரசர் தலையிட்ட பின்னரே முடிவு பிறந்தது.

குண்டு வீசாவிட்டால் போர் நீண்டு இன்னும் பலர் இறந்திருப்பார்கள் என்று வாதிடுவோர் உண்டு. வரலாற்றாசிரியர்கள் இதை இன்றும் விவாதிக்கிறார்கள். அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டாலும், மூன்றே நாளில் இரண்டாவது நகரை அழித்தது ஏன் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

இரு தரப்பிலும் முடிவெடுத்தவர்கள் சிலர். அதன் விலையைச் செலுத்தியவர்கள் வேறு பலர். இன்று ஒன்பது நாடுகளிடம் ஏறத்தாழ 12,000 அணு ஆயுதங்கள் உள்ளன. நம் நாடும் அவற்றுள் ஒன்று. 2021-இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் இந்த ஒன்பதில் ஒன்றுகூடச் சேரவில்லை.

மாணவர்களே, இன்னும் சில ஆண்டுகளில் நீங்கள் வாக்களிப்பீர்கள். உங்களில் சிலர் விஞ்ஞானிகளாகவும் ஆவீர்கள். வீரம், தேசத்தின் மானம் என்றெல்லாம் தலைவர்கள் பேசும்போது, ஆய்வுக்கூடத்தில் கேட்பது போலவே அமைதியாகக் கேளுங்கள்: யார் முடிவெடுத்தார்கள்? வேறு வழிகளை ஆராய்ந்தார்களா? சாகப்போவது யார்? எங்கேனும் போர் மூண்டது என்று செய்தி படித்தால், அந்த வினைக்கு உரிய எழுவாயைத் தேடுங்கள்.