அவளைக் கேட்டார்களா?

1985-இல் ஹைதராபாத்தின் ‘ஸ்த்ரீ சக்தி சங்கடனா’ என்ற பெண்கள் அமைப்புக்கு ஒரு செய்தி வந்தது. நகரத்துக்கு அருகே பட்டன்செருவில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏழைப் பெண்களுக்கு ஏதோ புது ஊசி போடப்போகிறார்களாம். போய்ப் பார்த்தார்கள். ‘நெட்-என்’ என்ற கருத்தடை ஊசி அது. இன்னும் சோதனையில் இருக்கும் மருந்து என்பதையோ, போட்டுக்கொண்டால் மாதவிடாய் தாறுமாறாகலாம் என்பதையோ வந்திருந்த பெண்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. பிள்ளை உண்டாகாமல் இருக்க ஊசி, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். அமைப்பினர் முழு விவரத்தையும் எடுத்துச் சொன்னதும் பலர் ஊசி வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்கள்.

மறு வருடம் அந்த அமைப்பும், தில்லியின் ‘சஹேலி’யும், இன்னும் சிலரும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு முடிய 2000-ஆம் ஆண்டு ஆனது. பின்விளைவுகளைக் கவனிக்கவும் விளக்கிச் சொல்லவும் வசதி இல்லாத இடங்களில் இந்த ஊசியைப் போடுவதில்லை, குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இதைப் பரவலாகச் சேர்ப்பதில்லை என்று அரசு ஒப்புக்கொண்டது.

பெண் விடுதலை பேசுகிறவர்கள் கருத்தடையை எதிர்க்கலாமா என்று அப்போதும் கேட்டார்கள், இப்போதும் கேட்கிறார்கள். அவர்கள் எதிர்த்தது கருத்தடையை அல்ல. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அன்றிரவே நிறுத்திவிடலாம். உடம்புக்குள் போன ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே ரத்தசோகையில் வாடும் ஒரு கூலிப் பெண்ணுக்கு உதிரப்போக்கு நிற்காமல் போனால் அவள் யாரிடம் போவாள்? நிறுத்தும் உரிமை அவள் கையில் இருக்கிறதா, ஊசி போடுகிறவர் கையில் இருக்கிறதா? அந்தப் பெண்கள் நீதிமன்றம் வரை கொண்டுபோன கேள்வி இதுதான். இந்திய மகளிர் இயக்கம் கேட்ட கேள்விகளில் மிகக் கூர்மையானது இது என்று நான் நினைக்கிறேன்.

இந்தக் கேள்விக்கு ஒரு முன்கதை உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே நிதியாண்டில், நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. பெரும்பாலானவை ஆண்களுக்கு, பல இடங்களில் கட்டாயமாக. அந்தக் கோபம் 1977 தேர்தலில் ஆட்சியைக் கவிழ்த்ததில் பெரும் பங்கு வகித்தது. அதற்குப் பிறகு எந்த அரசும் ஆண்களை நெருங்கத் துணியவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையின் பெயர் ‘குடும்ப நல’மாக மாறியது, பாரம் முழுக்கப் பெண்கள் பக்கம் திரும்பியது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, திருமணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொள்ளும் அறுவையின் பங்கு 0.3 விழுக்காடு. இத்தனைக்கும் வாசக்டமிக்கு வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. சில நிமிடங்களில் முடிந்து அன்றே வீட்டுக்கு நடந்து போகலாம்.

அந்தப் பாரம் எப்படிச் சுமத்தப்பட்டது என்பதை வெளியே கொண்டுவந்தவர்களில் ஒருவர் சுகாதார உரிமைச் செயற்பாட்டாளர் தேவிகா பிஸ்வாஸ். 2012 ஜனவரியில் பீகாரின் அராரியா மாவட்டத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில், இரவு நேரத்தில், டார்ச் வெளிச்சத்தில், இரண்டே மணி நேரத்தில் 53 பெண்களுக்கு ஒரே மருத்துவர் அறுவை செய்து முடித்தார். தேவிகா வழக்குத் தொடுத்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு அறுவை நடந்தது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ‘சமா’ போன்ற பெண்கள் நல அமைப்புகள் அங்கே போய், குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி, நடந்ததை ஆவணப்படுத்தின. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுக்குள் இந்த முகாம்களை நிறுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது. ஆண்களுக்கு நேர்ந்த கொடுமைக்கு ஒரு ஆட்சியே விழுந்த நாட்டில், இந்தப் பெண்களின் சாவுக்காக எந்த ஆட்சியும் விழவில்லை.

இதெல்லாம் வடக்கே நடப்பது என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம் பிரசவ வார்டுகளில் கேட்கும் பேச்சை நினைத்துப் பாருங்கள். “ரெண்டு ஆச்சுல்ல, கையோட ஆபரேஷன் பண்ணிடலாமா?” இந்தக் கேள்வி கணவரிடம் கேட்கப்படுகிறது, மாமியாரிடம் கேட்கப்படுகிறது. வலியில் கிடக்கிறவள் தலையாட்டினால் போதும், கைநாட்டோ கையெழுத்தோ வாங்கிவிடுகிறார்கள். என் குடும்பத்திலேயே, காப்பர்-டி போட்டிருப்பது வீடு திரும்பிய பிறகுதான் தெரியவந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். சிறிய குடும்பம் என்று நாடே தமிழ்நாட்டைப் பாராட்டுகிறது. அந்தப் பெருமையைத் தம் உடம்பில் சுமந்தவர்களில் எத்தனை பேரிடம் நாம் சம்மதம் கேட்டோம்?

இவ்வளவுக்கும் கேட்கச் சொல்லிக்கொடுத்தவர் நம் மண்ணிலேயே இருந்தார். நாட்டின் வறுமைக்காக, தாயின் உடல்நலத்துக்காக, சொத்து சிதறாமல் இருப்பதற்காக என்று பிறர் கர்ப்பத்தடையை ஆதரித்தபோது, பெண் விடுதலை பெறவும் சுயேச்சையாக வாழவும் அது வேண்டும் என்று பெரியார் பிரித்துச் சொன்னார். அரசுகள் கர்ப்பத்தடையை எடுத்துக்கொண்டன, சுயேச்சையை விட்டுவிட்டன.

கருக்கலைப்பிலும் இதே கதைதான். 1971-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதில் முடிவு மருத்துவருடையது. கருத்தடை பொய்த்துப்போனதைக் காரணமாகச் சொல்லும் உரிமை 2021 வரை மணமான பெண்ணுக்கு மட்டுமே இருந்தது. மணமாகாத பெண்ணுக்கும் அதே உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது 2022-இல்தான். பிள்ளை வேண்டாம் என்று சொல்லும் உரிமையும், இந்த ஊசி வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் ஒரே உரிமைதான். பெண்கள் அமைப்புகள் இரண்டுக்கும் சேர்த்தே போராடின. அவர்களை வளர்ச்சிக்கு எதிரி என்றும் குடும்பத்துக்கு எதிரி என்றும் மாறி மாறித் திட்டினார்கள். திட்டியவர்கள் வீட்டுப் பெண்களுக்காகவும்தான் அவர்கள் நீதிமன்ற வாசலில் நின்றார்கள்.

உங்கள் வீட்டுப் பெண் பிரசவத்துக்குப் போகிறாள் என்றால், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்பே, அவசரம் இல்லாத ஒரு நாளில், அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். எதைப் போட்டுக்கொள்வது, எதை வேண்டாம் என்பது, எப்போது என்பதை அவள் சொல்லட்டும். கணவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த முறை அறுவையை நீ செய்துகொள்கிறாயா?