உளுந்து காக்கும் ஒன்பது மாதம்

காற்றுப்புகாப் பைகளை விவசாயிகள் ஏற்றுக்கொள்வதில்லை என்ற மனக்குறை நம் துறைக் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. விழிப்புணர்வு போதாது என்ற காரணமும் கூடவே வந்துவிடுகிறது. அந்தக் காரணத்தை நாம் கைவிட வேண்டும். தூற்றி முடித்த அன்றே களத்துமேட்டிலிருந்து மூட்டையை ஏற்றி அனுப்பிவிடுகிற சிறு விவசாயிக்கு, வைத்திருந்து விற்றால் விலை கூடக்கூடும் என்பது தெரியும். அறுப்புக் கூலியும் உரக்கடைப் பாக்கியும் நகைக்கடன் வட்டியும் அதுவரை காத்திருக்காது என்பது நம்மைவிட அவருக்கு நன்றாகவே தெரியும்.

டெல்டாவின் நெல் தரிசு உளுந்தை எடுத்துக்கொள்வோம். சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக, மெழுகு பதத்திலுள்ள வயலில் தையில் தெளித்த உளுந்து பங்குனி, சித்திரையில் களத்துக்கு வருகிறது. அடுத்த தைக்கு விதை வேண்டுமானால் ஒன்பது மாதம் வீட்டில் இருக்க வேண்டும். பயறு வண்டுக்கு ஒரு தலைமுறை முடிய ஏறக்குறைய ஒரு மாதம் போதும். வயலில் முற்றிய காயின்மேலேயே முட்டையை ஒட்டிவிடுகிறது. புழு பருப்புக்குள் புகுந்துவிட்டால் வெளியிலிருந்து பார்த்து எதுவும் தெரியாது. வட்டமாகத் துளையிட்டு வண்டு வெளியே வந்த பிறகுதான் சாக்கைப் பிரித்தவருக்கு விஷயம் புரிகிறது.

இதற்குத் தீர்வு நம்மிடம் இல்லாமல் இல்லை. பர்டூ பல்கலைக்கழகத்தின் லாரி மர்டாக் குழுவினர் 1980களின் இறுதியில் கேமரூனில் தட்டைப்பயறுக்காக உருவாக்கிய முறை எளிமையானது: உள்ளே இரண்டு பாலித்தீன் உறைகள், வெளியே ஒரு நெய்த சாக்கு. உள்ளே அகப்பட்ட பூச்சிகளே ஆக்சிஜனைச் சுவாசித்துத் தீர்க்கின்றன. உலர்ந்த தானியத்தில் வாழும் வண்டு, தனக்கு வேண்டிய நீரை உண்ட உணவை ஆக்சிஜனோடு எரித்தே பெறுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் அது தின்பதை நிறுத்துகிறது, நீரின்றி வற்றிச் சாகிறது. மருந்து எதுவும் தேவையில்லை.

மேற்கு ஆப்பிரிக்கக் கிராமங்களில் இந்தப் பை பரவிய விதம் நமக்குப் பாடம். அறுவடை முடிந்ததும் ஊரார் முன்னிலையில் பையை நிரப்பிக் கட்டுவார்கள். சில மாதம் கழித்து அதே ஊரைக் கூட்டித் திறப்பார்கள். நம் செயல்விளக்கமோ பையைக் கட்டிப் படம் எடுத்ததோடு முடிந்துவிடுகிறது. திறக்கும் நாளில் நாம் அங்கே இருப்பதில்லை. அழைப்பும் பெரும்பாலும் ஆண்களுக்கே போகிறது. துவரைக்குச் செம்மண் கட்டியதும், விதைப்பயறில் வேப்பிலை, நொச்சி போட்டு வைத்ததும் பெண்கள். விதையைப் பற்றிய பேச்சை அவர்களிடமிருந்து தொடங்குவதே முறை.

ஆனால், பையைவிடப் பெரிய கேள்வி பணம். மேற்குக் கென்யாவில் மக்காச்சோள விவசாயிகளிடையே நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. அறுவடைச் சமயத்தில் கடன் கிடைத்தவர்கள் விளைச்சலை உடனே விற்காமல் வைத்திருந்து, பின்னர் நல்ல விலைக்கு விற்றார்கள். அப்படிக் கடன் பெற்றவர்கள் நிறையப் பேர் இருந்த பகுதிகளில் சந்தை விலையின் ஏற்ற இறக்கமே தணிந்தது. கடன் வாங்காத அக்கம்பக்கத்தாரும் அதனால் பயனடைந்திருக்கக்கூடும். நம் ஊரிலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் பொருளீட்டுக் கடன் உண்டு. கிடங்கு ரசீதுக்கு 2007ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் இருக்கிறது. எனினும் நாலு மூட்டை உளுந்து வைத்திருப்பவருக்கு வண்டி வாடகை, ஏற்று இறக்குக் கூலி, அலைச்சலில் போகும் ஒரு நாள் சம்பளம் எல்லாம் சேர்ந்தால் வாசலில் வந்து நிற்கும் வியாபாரியே மேல் என்று தோன்றுகிறது. இதில் அவர் கணக்குத் தப்பவில்லை. கூட்டுறவுச் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ ஊரிலேயே சரக்கைச் சேர்த்து ஒரே லாட்டாகக் கிடங்குக்குக் கொண்டுபோனால்தான் இந்தக் கணக்கு மாறும்.

ஈரப்பதத்தில் மட்டும் சமரசம் கூடாது. ஈரமாகக் கட்டிய பையில் வண்டு செத்தாலும் பூஞ்சணம் பிடிக்கும், முளைப்புத்திறன் போகும். பிறகு அந்த ஊரில் யாரும் பையைத் தொடமாட்டார்கள். ஈரமானி இல்லாத இடத்தில், நன்கு உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பயறும் காய்ந்த உப்பும் போட்டு மூடிக் குலுக்கி, சிறிது நேரம் விட்டுப் பார்க்கலாம். உப்பு பாட்டிலின் சுவரில் ஒட்டினால் இன்னும் காய வேண்டும். ஒட்டாவிட்டாலும் விதைக்கு இன்னொரு வெயில் காட்டிவிட்டுக் கட்டுவதே பாதுகாப்பு. கட்டும்போது உள்ளிருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒவ்வொரு உறையின் வாயையும் தனித்தனியே முறுக்கி, மடித்துக் கட்ட வேண்டும். எலிக்கு எட்டாத மேடையில் வைக்க வேண்டும். இந்தப் பை எலியைத் தடுக்காது.

முழு விளைச்சலையும் வைத்திருக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்த வேண்டாம். விதைக்கு ஒதுக்கும் பயறிலிருந்து தொடங்குங்கள். கடன்காரர் கேட்டாலும் விவசாயி சட்டென்று விற்காத சரக்கு அது. வரும் பங்குனியில் களத்துக்குப் போகும் அலுவலர்கள் பையோடு பொருளீட்டுக் கடன் விண்ணப்பத்தையும் எடுத்துச் செல்லுங்கள். தை விதைப்புக்கு முன் ஊரைக் கூட்டிப் பையைத் திறந்து, முளைப்புச் சோதனை செய்து, முடிவுகளை எங்களுக்கு எழுதுங்கள். கெட்டுப்போன பைகளின் விவரமும் வேண்டும். காரணத்தோடு அவற்றையும் இவ்விதழில் வெளியிடுவோம்.