சீல் வைக்கிறது வாங்கினவன் வீட்டுக்கு. வித்தவன் எங்க சார்?

தோழர்களே, நம்ம ஊர் சந்துல பிளாட் எப்படி விக்கிறாங்கன்னு ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிரவுண்டு மனை, 2400 சதுர அடி. 2019 கட்டட விதிகள்படி தளப்பரப்பு குறியீடு 2. அதாவது 4800 சதுர அடி கட்டலாம். 800 சதுர அடியில 6 வீடுன்னு பிளான் காட்டி அனுமதி வாங்கியாச்சு. சென்ட்ரிங் பிரிக்கிறதுக்குள்ள மேல இன்னொரு மாடி ஏறிடும். அதுல 2 வீடு. சதுர அடி 7000 ரூபாய்னு வச்சுக்கிட்டாலே 1 கோடியே 12 லட்சம்! நிலத்துக்கு ஒரு பைசா கூடுதல் செலவு கிடையாது.

நஷ்டம் மேல்மாடிக்காரனுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. 6 வீடுன்னா ஆளுக்கு 400 சதுர அடி யூடிஎஸ் வரணும். 8 வீடு ஆனா அது 300. கீழ் வீட்டுக்காரனோட நிலத்தையும் சேர்த்துத்தான் அந்த ஆளு வித்திருக்கான்.

இப்ப அந்த மேல்மாடி வீடு 60 லட்சத்துக்கு கைமாறுது. முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%. அரசு கஜானாவுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் போயாச்சு. வாங்கும்போது "இது பிளான்ல இருக்கா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டாங்களா? கேட்க மாட்டாங்க. பத்திரம் பதிவாகும், சொத்து வரி ரசீது கைக்கு வரும். நாமளும் 'எல்லாம் கிளியர்'னு பால் காய்ச்சிடுவோம்.

அப்புறம் ஒருநாள் நோட்டீஸ் வரும். 1971 நகர் ஊரமைப்புச் சட்டம், பிரிவு 56, 57. அனுமதிக்கு மாறா கட்டியிருக்கு, காலி பண்ணு, சீல் வைப்போம். யார் பேருக்கு? இன்னைக்கு அங்க குடியிருக்கிறவன் பேருக்கு! 20 வருஷம் இஎம்ஐ கட்டப் போறவனுக்கு. கட்டி வித்த ஆளு அடுத்த தெருவுல அடுத்த பூமி பூஜைக்குத் தேங்காய் உடைச்சிட்டு இருப்பான்.

"வாங்குறவன்தானே பார்த்து வாங்கணும்"னு ஒரு அறிவுஜீவி கூட்டம் இதே பேஜுக்கு கமெண்ட் போட வரும். அவங்களுக்கு பதில். 1882 சொத்துரிமை மாற்றுச் சட்டம் பிரிவு 55 என்ன சொல்லுது? தனக்குத் தெரிஞ்ச, வாங்குறவன் சாதாரண கவனத்தோட பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை வித்தவன் சொல்லியே ஆகணும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான். ஆனா 'சாதாரண கவனம்'ங்கிற அந்த ஒரு வார்த்தைக்குள்ள புகுந்து வித்தவன் தப்பிச்சிடுறான். பிளான் ஆபீஸ்ல இருக்கு, நீ போய்ப் பார்த்திருக்கணும்னு வாதாடுவான். நான் இன்ஜினியரிங் படிச்சவன். ஒரு அனுமதி பிளானை விரிச்சு, செட்பேக் அளந்து, பார்க்கிங்கைக் கடையா மாத்தியிருக்கிறதைக் கண்டுபிடிக்க எனக்கே அரைநாள் ஆகும். பேங்க்ல லோன் வாங்கி வீடு பார்க்குற ஒரு நர்ஸ், ஒரு ஆட்டோ ஓட்டுற அண்ணன் என்ன பண்ணுவாங்க?

அவங்க பார்க்குறது வில்லங்கச் சான்றிதழ். அதுல கிரயம் வரும், அடமானம் வரும், செட்டில்மென்ட் வரும். சீல் நோட்டீஸ் வராது. ஏன்னா அது பதிவான பத்திரம் இல்லையே! வீட்டுக்கு இருக்கிற பெரிய வில்லங்கம் வில்லங்கச் சான்றிதழ்லயே இல்லைன்னா அதுக்கு என்ன சார் அந்தப் பேரு?

ரெரா இருக்கேன்னு கேட்பீங்க. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம், இல்ல 8 வீட்டுக்கு மேற்படாத திட்டம்னா ரெரா பதிவே வேண்டாம். ஒரு கிரவுண்டுங்கிறது சுமார் 223 சதுர மீட்டர். சந்துக்குச் சந்து நிக்கிற இந்த பிளாட்டெல்லாம் அந்த ஓட்டையில தப்பிச்சது.

மாறி மாறி ஆண்டவங்க என்ன செஞ்சாங்க? 113-ஏ ன்னு ஒரு பிரிவு கொண்டு வந்து 1999 பிப்ரவரி வரைக்கும் கட்டினதுக்கு அபராதம் கட்டி வரன்முறைப்படுத்திக்கோன்னாங்க. 'ஒரே ஒரு தடவை'ன்னு சொன்ன சலுகையை நீட்டிச்சுக்கிட்டே போனாங்க. அடுத்து 2012ல 113-சி, 2007 ஜூலைக்கு முன்னாடி கட்டினதுக்கு. விதியை மதிச்சு ஒரு மாடியை விட்டவன் ஏமாளி. மீறினவன் வித்துட்டு லாபம் பார்த்துட்டான். வரன்முறைக் கட்டணம் கட்ட க்யூல நின்னவன் வாங்கினவன்.

2014 ஜூன் 28 மௌலிவாக்கம் மறந்திருக்காது. 61 உயிர். அது அனுமதி வாங்கின 11 மாடிக் கட்டடம்தான். பேப்பர்ல முத்திரை குத்திட்டா போதும், சைட்டுக்கு யாரும் போக வேண்டாம்ங்கிற நிர்வாகத்தோட விலை அது.

நொய்டா இரட்டைக் கோபுரத்தை 2022ல தகர்த்தாங்களே, அங்க உச்ச நீதிமன்றம் என்ன சொல்லுச்சு? வீடு வாங்கினவங்களுக்கு 12% வட்டியோட பணத்தைத் திருப்பிக் கொடு, இடிக்கிற செலவையும் கட்டினவனே ஏத்துக்கோ. இதுதான் நியாயம். 2024 டிசம்பர் 17ல அதே உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேல போச்சு: பணி நிறைவுச் சான்று இல்லாம கரண்ட், தண்ணி இணைப்பு கூடாது, அதைப் பார்க்காம பேங்க் லோன் கூடாது, தப்புக்குத் துணை போன அதிகாரி மேல நடவடிக்கை.

"அப்போ வியாசர்பாடில ரெண்டடி இடம் விடாம கட்டின ஏழை வீட்டை இடிக்கச் சொல்றீங்களா?"ன்னு திசை திருப்ப வேண்டாம். தான் குடியிருக்க ஒரு ரூம் இழுத்துக் கட்டினவனும், ஒரு மாடியைத் திருடி 1 கோடிக்கு வித்தவனும் ஒண்ணா?

நாங்க கேக்குறது ரொம்ப சிம்பிள். 56, 57 நோட்டீஸ் கொடுத்த அன்னைக்கே அது வில்லங்கச் சான்றிதழ்ல ஏறணும். கிரயப் பத்திரத்தோட அனுமதி பிளானை இணைக்கணும், மீறல் இருந்தா வித்தவன் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுக்கணும். அபராதத்தை முதல்ல கட்டி வித்தவன்கிட்ட வசூல் பண்ணு. 9% வாங்கத் தெரிஞ்ச அரசுக்கு இதுக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதத் தெரியாதா? இலவசமா எழுதித் தர நம்ம பசங்க இருக்காங்க!

வீடு வாங்கப் போறவங்க, ஏற்கனவே வாங்கினவங்க எல்லாரும் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ போடுங்க. உங்க கட்டடத்தோட அனுமதி பிளான் நகல் கேளுங்க. பிளான்ல எத்தனை வீடு, நேர்ல எத்தனை வீடு, ரெண்டு நம்பரை மட்டும் கமெண்ட்ல போடுங்க. பேரு, கதவு எண் வேண்டாம்.

#வித்தவனேபொறுப்பு