கறை போகட்டும், பெயின்ட் இருக்கட்டும்



பெருநாளுக்கு இன்னும் பத்து நாள் என்றால் நமது வீடுகளில் தேய்க்கும் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். சுத்தம் ஈமானோடு சேர்ந்தது என்று மதரஸாவில் படித்த பாடம் அந்த நாட்களில்தான் பலமாக ஞாபகம் வரும். சட்டி பானைகளைத் தேய்த்த அதே வேகத்தில் பிரிட்ஜையும் இரும்பு அலுமாரியையும் தேய்த்துவிடுகிறோம். இதில் நானே குட்டுப்பட்டவள்.

கல்யாணமாகி முதல் வருடம். மாமியின் வெள்ளை பிரிட்ஜில் கைபிடியைச் சுற்றி மஞ்சள் கறை. கறி ஆக்கும் கையோடு திறந்து மூடிய அடையாளம். பாத்திரம் தேய்க்கும் தூளையும் தேங்காய்த் தும்பையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து உரசினேன். கறை போனது, பளபளப்பும் போனது. அடுத்த பெருநாள் வருவதற்குள் அந்த இடத்தில் சின்னச் சின்னக் கறள் புள்ளிகள். மாமி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

அலுமினியச் சட்டி உள்ளும் புறமும் ஒரே உலோகம். பிரிட்ஜ், அலுமாரி, யன்னல் கம்பி இவையெல்லாம் இரும்பின் மேல் மெல்லிய பெயின்ட் தோல் போர்த்தியவை. தோல் தேய்ந்த இடத்தில் ஈரம் இரும்பைத் தொட்டுவிடும். உப்புக் காற்று வீசும் கடற்கரை ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இரும்புக் கம்பிச் சுருளால் தேய்த்தாலோ அதன் துகள்களே கீறலுக்குள் தங்கிக் கறள் பிடிக்கும்.

ஆகவே தேய்ப்பதற்கு முன் ஊற விடுங்கள். பிரிட்ஜ் என்றால் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். கேஸ் அடுப்பு என்றால் சிலிண்டரை மூடி, அடுப்பு நன்றாக ஆற வேண்டும். இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டு, பழைய சீலைத் துண்டை நனைத்துப் பிழிந்து, காய்ச்சல்காரரின் நெற்றியில் போடுவது போலக் கறையின் மேல் பத்து நிமிடம் ஒட்டிவையுங்கள். பாதிக் கறைகள் இதிலேயே இளகிவிடும்.

அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பிரிட்ஜின் தலையில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசின் போல ஒட்டியிருக்கும். அதற்குத் தேங்காய் எண்ணெயையே தடவுங்கள். சிரிக்க வேண்டாம்! பழைய எண்ணெயைப் புது எண்ணெய் இளக்கும். கால் மணி நேரம் விட்டுத் துடைத்து, பிறகு சவர்க்கார நீரால் கழுவித் துடைத்தால் சரி.

மஞ்சள் கறை கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். சவர்க்காரம் பட்டதும் சிவந்து நம்மைப் பயமுறுத்தும். பயப்பட ஒன்றுமில்லை, ஒரு துளி தேசிக்காய்ச் சாறு பட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். மஞ்சளின் நிறம் நீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒற்றி ஒற்றி எடுங்கள். மிச்சமிருக்கும் சாயல், வெயில் வெளிச்சம் படும் இடமென்றால் நாளாக நாளாகத் தானே வெளிறிவிடும். பிள்ளைகளின் பேனைக் கிறுக்கலுக்கும் இதே வைத்தியம்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தொழிற்சாலையில் சூட்டில் இறுக்கிய பெயின்ட் ஸ்பிரிட்டைத் தாங்கும். வீட்டில் தூரிகையால் அடித்த பெயின்ட் தாங்காமல் போகலாம். முதலில் அலுமாரியின் பின்பக்கத்தில் ஒரு மூலையில் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் வந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவம் எந்தப் பெயின்டுக்கும் வேண்டாம். யன்னலைத் திறந்துவையுங்கள், பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது.

நோன்பு நேர அட்டவணையை வருடா வருடம் பிரிட்ஜ் கதவில் ஒட்டுவது நமது வழக்கம். மாதம் முடிந்ததும் டேப்பின் பசை நான்கு மூலையிலும் கறுத்துப்போய் நிற்கும். பிளேடால் சுரண்டாதீர்கள். அட்டவணையை முதலில் பக்குவமாகக் கழற்றி மரியாதையாக எடுத்துவைத்துவிட்டு (அல்லாஹ்வின் திருநாமம் அச்சிட்ட தாள் அல்லவா), பசையின் மேல் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் பொறுத்தால் விரலால் உருட்டியே எடுத்துவிடலாம்.

பெயின்டின் மேல் வழிந்த கறள் கறைக்குத் தேசிக்காய்ச் சாறு போதும். ஐந்து நிமிடத்துக்கு மேல் விடாமல் கழுவி, ஈரமே இல்லாமல் துடைக்க வேண்டும். புளிப்பு இரும்பில் தங்கினால் கறளை வளர்க்கும். பெயின்ட் விட்ட இடத்தைக் காயவைத்து ஒரு சொட்டுப் பெயின்ட் வைத்து மூடிவிடுங்கள்.

மூத்தம்மா காலத்து அலுமாரியோ தொட்டிலோ என்றால் அரத்தாளால் உலரத் தேய்க்கவே வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். நமது நாட்டில் பெயின்டில் ஈயத்துக்குச் சட்ட வரம்பு 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தூசி சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், கர்ப்பிணிகளுக்கும் கூடாது. ஈரத் துணியால் துடைப்பதோடு விட்டுவிடுங்கள்.

கறை போகவில்லை என்ற கோபத்தில் வெளுக்கும் திரவத்தோடு வினாகிரியையோ தேசிக்காய்ச் சாற்றையோ கலந்துவிடாதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு மூச்சை அடைக்கும். காற்றோட்டமில்லாத சின்னக் குசினியில் அது உயிருக்கே ஆபத்து. வெளுக்கும் திரவம் தனியாக இருந்தாலும் இரும்பை அரிக்கும், ஆகவே இந்த வேலைக்கு அது தேவையே இல்லை.

மாமியின் பிரிட்ஜில் அந்தக் கறள் புள்ளிகளுக்கு மேல் வெள்ளைப் பெயின்ட் வைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். அந்த இடத்தை மறைத்து ஒரு கைத்துணியை மாமிதான் தொங்கவிட்டார்.

அடிப்பிடித்த சட்டி பற்றிக் கேட்ட சகோதரிக்கு அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ்.