வானக் கண்ணும் வலைக்காரர் வருவாயும்

நம் தீவுகளில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுள் கடலை நம்பிப் பிழைப்போர் பலர். ஆதலின், வானிலிருந்து பூமியை நோக்கும் செயற்கைக்கோள்களின் செய்தி எவருக்குச் சொந்தம், அதன் செலவை எவர் ஏற்பது என்னும் வினா, டெலானிபூர் வாசகர்க்கு எட்டாத வினா அன்று.

முதற்கண் இன்றைய நடைமுறையைக் காண்போம். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம், கடற்பரப்பின் வெப்பத்தையும் நீரின் பசுமையையும் செயற்கைக்கோள் வாயிலாக அறிந்து, மீன் கூடும் இடங்களைக் கணித்து அறிவிக்கிறது. குளிர்நீரும் வெதுநீரும் கலக்கும் எல்லையில் நுண்பாசி பெருகும். அதனை நாடிச் சிறுமீனும், சிறுமீனை நாடிப் பெருமீனும் வரும். இதுவே சூட்சுமம். எத்திசை, எத்தனை தூரம், எவ்வளவு ஆழம் என்பதை அறிவிப்பிற் காணலாம். கட்டணம் இல்லை. தேடியலையும் பொழுது குறைந்தால் டீசல் மிச்சம். மிச்சமான டீசலே வீட்டிற்கு வரும் அரிசி.

எனினும் மேகம் மூடிய நாளில் அக்கண்ணுக்குப் பார்வையில்லை. ஆண்டின் பெரும்பகுதி மழை காணும் நமக்கு இது சிறு குறையன்று. இத்தகைய குறைகளை நிரப்பப் புதிய கருவிகளும் கணிப்பு முறைகளும் வேண்டும். அவற்றை ஆக்கிச் சந்தைக்குக் கொணரத் தனியார் முன்வரின், அரசு செலவில் பங்கேற்பது இக்கால வழக்கம். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ‘இன்கியூப்ட்’ என்னும் திட்டத்தின்கீழ் இவ்வாறு பங்கேற்கிறது. நம் நாட்டில் 2020இல் அமைந்த ‘இன்ஸ்பேஸ்’, 2025 பிப்ரவரியில் 500 கோடி ரூபாயில் ஒரு நிதியைத் தொடங்கியது. சிறு தொழிலாருக்கும் புதுத் தொழிலாருக்கும் செலவில் 60 விழுக்காடு வரையும், பெருந்தொழிலாருக்கு 40 விழுக்காடு வரையும் அது அளிக்கும். ஒரு திட்டத்திற்கு உச்சவரம்பு 25 கோடி. எஞ்சியதைத் தொழிலார் தம் கையிலிருந்து இடவேண்டும். தன் பணமும் உள்ளே இருந்தால்தான் கவனமும் இருக்கும் என்பது இதன் கருத்து.

இம்முறையை நாம் வரவேற்கிறோம். ஆயின் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அமெரிக்கா 1984இல் சட்டமியற்றி, லேண்ட்சாட் படங்களின் விற்பனையைத் தனியார் வசம் ஒப்படைத்தது. ஒரு படத்தின் விலை 4,000 டாலரைக் கடந்தது, வாங்குவோர் அருகினர். 1992இல் வேறொரு சட்டத்தால் அரசு அதனை மீட்டது. 2008இல் படங்கள் இலவசமாயின. பயன்படுத்துவோர் பன்மடங்கு பெருகினர். மூலப் படத்தைப் பூட்டிவைத்தால், அதனைக்கொண்டு செய்யக்கூடிய தொழிலும் முடங்கும் என்பதே இதன் பாடம். 2023ஆம் ஆண்டின் இந்திய விண்வெளிக் கொள்கை இதனை உணர்ந்துள்ளது போலும். 5 மீட்டரும் அதற்கு மேலுமான அளவில் பொருள்களைப் பிரித்துக் காட்டும் அரசுப் படங்கள் யாவர்க்கும் இலவசம். அதனினும் நுண்ணிய படங்கள் அரசுத் துறைகளுக்கு மட்டும் இலவசம், ஏனையோர்க்கு நியாய விலையில்.

2025 ஆகஸ்டில் பிக்சல் நிறுவனத்தின் தலைமையிலான கூட்டு, பன்னிரண்டு செயற்கைக்கோள்களை ஏவும் பொறுப்பிற்குத் தெரிவுசெய்யப்பட்டது. ஐந்தாண்டுகளில் 1,200 கோடிக்கு மேல் முதலிடப்படும். இட்ட முதலை அவர்கள் விற்பனையால்தானே மீட்கவேண்டும்? வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் விலை கொடுக்கும். ஒற்றைப் படகுக்காரர் கொடுப்பாரா?

ஆகவே நம் கருத்து இதுவே. பொதுப் பணத்தில் ஒரு பங்கு சேருமிடத்தில், பொதுமக்களுக்கும் ஒரு பங்கு பயன் ஒப்பந்தத்திலேயே எழுதப்படவேண்டும். மீன் அறிவிப்பு, புயல் எச்சரிக்கை, ஆழிப்பேரலை எச்சரிக்கை ஆகிய மூன்றும் எக்காலத்தும் விலைப்பொருள் ஆகலாகாது. 2004 டிசம்பர் 26ஐக் கண்ட தீவுகள் இதனைக் கேட்பதற்கு உரிமை பெற்றவை. அவற்றிற்கு மேற்பட்ட நுண்பணிகளை விலைக்குக் கொள்வதாயின், தனியொருவராக வாங்காது, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரால் பேரம் பேசி வாங்குக.

கணினி பயிலும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: இலவசப் படங்கள் கிடைக்கின்றன, நம் கடலும் கரையும் கண்ணெதிரே உள்ளன. கொடுத்து வாங்கும் இடத்தில் மட்டுமே நாம் நிற்கவேண்டும் என்னும் விதி ஒன்றுமில்லை.