வார்ப்புருவும் நிரலும்

இணையப் பக்கம் ஆக்குவார்க்குத் தொழில் இரண்டு: பொருளைத் தேடித் தருதல் ஒன்று, அதனை அழகுற அமைத்துக் காட்டுதல் மற்றொன்று. 1995-ஆம் ஆண்டில் ராஸ்மஸ் லெர்டார்ப் என்பார் வெளியிட்ட பி.எச்.பி மொழியில் இவ்விரண்டனையும் ஒரே கோப்பிற் கலந்தெழுதுதல் எளிது. எளிதெனினும் நன்றன்று என்பதே எம் கருத்து. யாமே ஒருமுறை அத்தகைய கோப்பொன்றில் ஒற்றுப்பிழை கண்டும், நிரலின் குறிகளுக்கிடையே கைவைக்க அஞ்சித் திருத்தாது விட்டனம். ஒரு மேற்கோட்குறி பிறழினும் பக்கம் முழுதும் நின்றுவிடுமன்றோ?

இக்குறை தீர்ப்பது ஸ்மார்ட்டி போன்றதொரு வார்ப்புரு வகுப்பு. சொற்களும் அமைப்பும் தனிக்கோப்பில் நிற்கும். மாறும் பொருளுக்கு மட்டும் நெளிவடைப்புள் பெயரிட்டு இடம் விடுவர். வகுப்பானது அக்கோப்பினை ஏற்றி, முதன்முறை பி.எச்.பி நிரலாக மாற்றி வேறோர் அடைவிற் சேமிக்கும். பின்வருவார்க்கு அச்சேமிப்பே பயன்படும். மூலக்கோப்புத் திருத்தப்படின் மட்டுமே மீண்டும் மாற்றும். ஆதலின், ஒவ்வொருமுறையும் காலம் வீணாம் என்பார் கூற்றுப் பொருந்தாது.

‘பி.எச்.பியே ஒரு வார்ப்புரு மொழியாயிருக்க மற்றொன்று எற்றுக்கு?’ என்பாரும் உளர். வினா தக்கதே. ஆயினும், எல்லையில்லாவிடத்துக் கணக்கும் தேடலும் மெல்ல மெல்லப் புகும். வார்ப்புருவிலும் நிபந்தனையும் சுழற்சியும் உள. அவையும் அளவிறப்பின் பழைய கலப்பே மீளும். எனவே, கருவியினும் கட்டுப்பாடே முதன்மையென்க. நிரலறிவார் நிரலைக் காக்க. மொழியறிவார் அஞ்சாது மொழியைத் திருத்துக.